சவளா, இயந்திரமா?

பனி கொட்டி ஓய்ந்த காலைகளில் ஸ்காபரோத் தெருக்களில் இருவகை ஓசைகள் எழும். ஒன்று, சவளின் விளிம்பு தாரில் உரசும் ஓசை. மற்றது, பனி வீசும் இயந்திரத்தின் உறுமல். இவற்றுள் எது மேல் என்னும் வழக்கு நம்மவரிடையே நெடுநாளாக நடந்து வருகிறது. சவள் ஏந்துவோர் இயந்திரக்காரரைச் சோம்பேறிகள் என்பர். இயந்திரக்காரரோ அவர்களைக் கஞ்சர்கள் என்பர். வழக்குத் தீர்ந்தபாடில்லை. இதற்கிடையே மாரிதோறும் யாரேனும் ஒரு தகப்பனார் தம் வீட்டு வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிடுகிறார் என்ற செய்தி நம் காதுக்கு வருகிறது. ஆகவே சோம்பல், சிக்கனம் என்ற சொற்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதனைப் பேசுவதே தகும்.

பனி என்னும் சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது. முன்பனி, பின்பனி எனத் தொல்காப்பியர் பருவம் வகுத்த பனி, புல்நுனியில் நின்று வெயில் பட்டதும் மறைவது. அப்பெயரையே இங்கே வானத்திலிருந்து கொட்டிக் குவியும் பொருளுக்கும் சூட்டியிருக்கிறோம். பெயர் இலேசாக இருக்கவே, பொருளும் இலேசு என்று தோள் நம்பிவிடுகிறது. கணக்கிட்டுத்தான் பார்ப்போமே. ட்ரைவ்வே 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் என்க. 20 சென்டிமீட்டர் பொழிந்தால் 10 கனமீட்டர் பனி. புதிதாய் விழுந்த உலர்பனி கனமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ; ஆக, ஒரு டன். ஈரப்பனியாயின் இரண்டு டன்னும் ஆகலாம், மூன்றும் ஆகலாம். இதற்குமேல், மாநகரத்து வண்டி தெருவை வழித்துச் செல்கையில் நம் வாயிலில் போட்டுவிட்டுப் போகும் வரம்பு வேறு. (நாம் வழித்து முடித்துத் தேநீர் குடிக்க அமர்ந்த பின்னரே அவ்வண்டி வரும், இவ்வூர் வாழ்வின் ஊழ் அது!) உப்பும் சேறும் கலந்து இறுகிய அந்த வரம்புதான் எல்லாவற்றிலும் கொடியது. 2022 ஜனவரி 17 அன்று ரொறொன்ரோவின் சில பகுதிகளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியபோது, வரம்புகள் இடுப்பளவு உயர்ந்து நின்றதை இங்குள்ளோர் மறந்திருக்கமாட்டார்கள்.

மருத்துவர்கள் சொல்வதைக் கேட்போம். அமெரிக்காவின் மிச்சிகனில் உடற்பயிற்சிப் பழக்கமில்லாத, ஆனால் நோயற்ற 10 ஆண்களை ஈரப்பனி அள்ளச் செய்து ஆராய்ந்து, 1995இல் முடிவுகளை வெளியிட்டனர். சவளால் அள்ளியபோது அவர்களது இதயத்துடிப்பு சராசரியாக நிமிடத்துக்கு 175. இயந்திரத்தைத் தள்ளியபோது 124. முன்னது, அவர்கள் ஓடுபொறியில் களைத்து நிற்கும்வரை ஓடி எட்டிய உச்சத்துக்கு ஏறத்தாழ நிகரானது. அவர்களோ முப்பதை ஒட்டிய வயதினர். அறுபதில் இருப்பவரின் நிலை என்ன? கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான பதிவேடுகளை ஆராய்ந்து 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, 20 சென்டிமீட்டர் பனி பொழிந்த மறுநாள் மாரடைப்பால் ஆண்கள் இறப்பது, பனியற்ற நாளைக் காட்டிலும் 34 விழுக்காடு மிகுந்திருந்தது என்கிறது. பெண்களிடம் அத்தகைய உயர்வு தென்படவில்லை. சவளைக் கையிலெடுப்போர் பெரும்பாலும் ஆண்களே என்பதால், ஆய்வாளரின் ஐயம் சவளின் மேல் விழுந்தது.

காரணம் விளங்காததன்று. கால்களைவிடக் கைகளே இங்கு அதிகம் உழைக்கின்றன. சுமையைத் தூக்கும்போது நம்மையறியாமல் மூச்சை அடக்குகிறோம், குருதியழுத்தம் எகிறுகிறது. குளிர்காற்றோ குருதிக்குழாய்களைச் சுருக்குகிறது. இவை யாவும் எழுந்து அரைமணி ஆகாத உடம்பின்மேல் ஒருசேர வந்து விழுகின்றன.

"ஊரிலே தோட்டம் கொத்தினவங்கள் நாங்கள், இதென்ன பெரிய வேலை?" என்று கேட்போர் உண்டு. கொத்தியது மெய்தான். ஆனால் அன்று கொத்தினார்கள், மறுநாளும் கொத்தினார்கள். உழைப்பு என்பது உடம்பு நாள்தோறும் பழகிக்கொண்ட ஒன்று. ஆண்டில் பெரும்பகுதி நாற்காலியிலும் வண்டியிலும் அமர்ந்திருந்துவிட்டு, ஒரு விடியலில் ஒரு டன் அள்ளுவதற்கு உழைப்பென்று பெயரிடல் பொருந்தாது. அது சூதாட்டம்.

நம்மை உண்மையில் வருத்துவது பிள்ளைகளுடன் வந்து தங்கியிருக்கும் முதியவர்களின் நிலை. மகனும் மருமகளும் இருட்டோடே வேலைக்குப் போய்விடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். மொழி புரியாத ஊரில், தம்மால் ஆகக்கூடிய ஒரே காரியமாக அந்தப் பனி அவர் கண்ணுக்குத் தெரிகிறது. எவரும் கேளாமலே சவளை எடுத்துவிடுகிறார். தடுத்தால், "விடு தம்பி, சும்மா இருக்கிறதுக்கு இது ஒரு தேகப்பயிற்சி" என்பார். அவரை வைவதால் பயனில்லை; பயனற்றவராய் அமர்ந்திருக்க மாட்டாமல் அவர் செய்வது அது. வேறொரு வேலையை அவர் கையில் கொடுக்கவேண்டும், சவளை அவர் கைக்கெட்டாத இடத்தில் வைக்கவேண்டும். பிள்ளைகள் இதை மனக்கசப்பு வந்தாலும் செய்தாக வேண்டும் என்பது நம் கட்சி.

அதற்காக இயந்திரம் குற்றமற்றது என்று வாதிடோம். கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார் 1925இல் ஆக்கிய பனி வீசும் இயந்திரம் தெருக்களுக்கானது. பிற்பாடு அவ்வகை சிறுத்து வீட்டு வாசலுக்கும் வந்துசேர்ந்தது. பெட்ரோல் இயந்திரம் தெருவையே எழுப்பிவிடும். மூடிய கராஜுக்குள் அதனை முடுக்கினால் நச்சுப்புகை சூழும். ஈரப்பனி அடைத்துக்கொண்ட குழாய்க்குள் கைவிட்டு விரல் இழந்தோர் பலர். இயந்திரத்தை அணைத்த பின்னும் உள்ளே இறுகி நிற்கும் அலகு, அடைப்பு நீங்கியதும் சட்டென்று சுழலக்கூடும். கையன்று, கழிதான் உள்ளே போகவேண்டும். வீசும் பனி அயலவர் முற்றத்தில் போய் விழுந்தால் உறவும் உறைந்துவிடும். தெருவிலே தள்ளுவதையோ மாநகரச் சட்டமே தடுக்கிறது. 5 சென்டிமீட்டர் பனிக்கு உறுமிக்கொண்டு கிளம்பும் இயந்திரத்தைக் கண்டால் நமக்கும் சிரிப்புத்தான் வருகிறது. அந்த அளவுக்குச் சவளே போதும். அதுவும் தூக்காமல், ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனால். பொழிவு ஓயும்வரை காத்திராமல் இடையிடையே இருமுறை வழிப்பதும் நன்று.

விலை ஒரு தடை எனில், நான்கு வீட்டார் சேர்ந்து ஓர் இயந்திரம் வாங்கலாம். திருமணத்துக்கு மண்டபம் பிடிக்க ஒன்றுகூடும் நமக்கு இது இயலாததா? அதுவும் கூடாதெனில், அந்த வாயில் வரம்பையேனும் பக்கத்து வீட்டு இளைஞனிடம் விடுங்கள். அவன் இருபது டாலர் கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள்.