இழுப்பது பெரிதல்ல, இறக்கத்தில் நிறுத்துவதே பெரிது

மெல்பேர்னில் வசிக்கும் என் அக்காவின் மகன் சென்ற வாரம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தான். "மாமா, பிள்ளைகளோடு ஊர் சுற்றக் கரவன் ஒன்று வாங்கப் போகிறோம். அதை இழுப்பதற்கு எந்த வாகனம் எடுப்பது? 3,500 கிலோ இழுக்கும் வாகனம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்றீங்க?"

கரவன் என்பது வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்லும் சிறு வீடு. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் அதற்குள் இருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு மேல் எந்த வாகனமும் சொந்தமாக வைத்திராத ஒரு பத்திரிகைக்காரனிடம் இதைக் கேட்கிறானே என்று முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. இழுவைப் பெட்டியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது என்று நான் எப்படிச் சொல்வேன்? நான் பொல்பிட்டியப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன் அல்லவா!

எனக்குப் பத்து வயதிருக்கும்போது நடந்த சம்பவம் இது. மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை நேரத்தில் மேல் மலையிலிருந்து கொழுந்து ஏற்றிய உழவு இயந்திரம் இறங்கி வந்தது. அதன் பெட்டியில் கொழுந்து மூட்டைகள். மூட்டைகளின் மேல் வேலை முடிந்து திரும்பும் பெண்கள். வளைவில் சாரதி பிரேக்கை அழுத்தினார். இயந்திரம் வேகம் குறைந்தது, பெட்டி குறையவில்லை. பின்னாலிருந்து அது இயந்திரத்தைத் தள்ளி, பக்கவாட்டில் மடித்து, இரண்டையும் கானுக்குள் கவிழ்த்தது. எங்கள் லயத்தில் மூன்றாவது காம்பறாவில் இருந்த அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் மலைக்குப் போகவேயில்லை.

விசாரணை நடந்தது. அந்த இயந்திரத்துக்கு அவ்வளவு பாரத்தை இழுக்கும் பலம் இருந்ததா என்று கேட்டார்கள். தாராளமாக இருந்தது. பெட்டிக்குப் பிரேக் இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் பழி சாரதியின் தலையில் விழுந்தது.

நாற்பது ஆண்டுகள் கடந்தும், கடல் கடந்த ஊரிலும், அதே தவறான கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு. எவ்வளவு இழுக்கும் என்பது விற்பவனுக்கு வசதியான கேள்வி. குடும்பத்தை ஏற்றிச் செல்பவன் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எவ்வளவு சுமக்கும்? இறக்கத்தில் எவ்வளவைத் தாங்கி நிறுத்தும்?

கணக்கைப் பாருங்கள். எடுத்துக்காட்டாக ஒரு வாகனத்தின் வெற்று எடை 2,200 கிலோ என்று கொள்வோம். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து அது தாங்கக்கூடிய உச்ச எடை 2,800 கிலோ. வாகனமும் கரவனும் சேர்ந்த மொத்த எடையின் எல்லை 6,000 கிலோ. இழுவைத் திறன் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது 3,500 கிலோ. இப்போது 3,500 கிலோ கரவனைக் கொழுவுங்கள். 6,000 இலிருந்து 3,500 ஐயும் 2,200 ஐயும் கழித்தால் மிச்சம் 300 கிலோ. தாய், தகப்பன், பாட்டி, இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர் ஏறினால் 280 கிலோ ஆகிவிடும். மீதி 20 கிலோ. ஓர் அரிசி மூட்டை!

அதோடு முடியவில்லை. கரவனின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, கொழுவும் முனை வழியாக இழுக்கும் வாகனத்தின் முதுகில் அழுத்த வேண்டும். அது குறைந்தால் கரவன் பாம்பு போல் நெளியத் தொடங்கும். அந்தப் பத்தில் ஒரு பங்கு 350 கிலோ. ஆட்களின் 280 கிலோவையும் கூட்டினால் 630. வாகனம் சுமக்கக்கூடியதோ 600. ஆக, ஒரு மாற்றுடுப்புக்கூட ஏற்றாமலே வாகனம் அதன் எல்லையைத் தாண்டிவிட்டது. விளம்பரம் பொய் சொல்லவில்லை. ஆனால் சாரதி மட்டும் தனியாகப் போகும் பயணத்துக்கான உண்மையை, குடும்பப் பயணத்துக்கான உண்மையாக விற்கிறது.

இந்த விவரங்கள் ஒளித்து வைக்கப்பட்டவையும் அல்ல. வட அமெரிக்காவில் சாரதியின் கதவுச் சட்டத்திலேயே ஆட்களும் சாமான்களும் எவ்வளவு கிலோவைத் தாண்டக்கூடாது என்று ஒட்டியிருக்கிறார்கள். பிரித்தானியாவில் கரவனுக்குப் புதியவர்கள், வாகனத்தின் வெற்று எடையில் 85 வீதத்துக்கு மேல் இழுக்க வேண்டாம் என்பது நெடுங்கால அறிவுரை. எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்; வாசிப்பாரில்லை.

இனி இறக்கத்துக்கு வருவோம். 1969 இல் இயங்கத் தொடங்கிய எங்கள் ஊர் நீர்மின் நிலையம் செய்வதெல்லாம் மேலிருந்து விழும் தண்ணீரின் பாரத்தை மின்சாரமாக மாற்றுவதுதான். 5,500 கிலோ எடையுள்ள வாகனமும் கரவனும் 500 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 7.5 அலகு மின்சாரத்துக்குச் சமம். மின்நிலையத்தில் அது விளக்கெரிக்கும். மலைப்பாதையில் அதன் ஒரு பகுதியைக் காற்றும் சில்லுகளும் இயந்திரமும் உள்வாங்கும். மிச்சமெல்லாம் பிரேக்கில் சூடாக இறங்கும். அளவுக்கு மீறிச் சூடேறிய பிரேக் பிடிக்காது. கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல நோக்கி லொறிகள் ஏன் கீழ்க்கியரில் முனகிக்கொண்டு ஊர்ந்து இறங்குகின்றன என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அவன் போக ஆசைப்படும் கிரேட் அல்பைன் நெடுஞ்சாலையும் மலைப்பாதைதான். மலைக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. பாரம் மட்டுமே தெரியும்.

அவுஸ்திரேலியச் சட்டம் இதை உணர்ந்திருக்கிறது. 750 கிலோவைத் தாண்டிய இழுவைப் பெட்டிக்குச் சொந்தப் பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சில்லுகளுக்கும் பிரேக் வேண்டும். கொழுவி கழன்று போனால் தானாகவே பெட்டியை நிறுத்தும் ஏற்பாடும் வேண்டும். அன்று எங்கள் தோட்டத்துப் பெட்டிக்கு இவற்றில் ஒன்றேனும் இருந்திருந்தால் அத்தை நடந்திருப்பார்.

"பெரிய வாகனம் பாதுகாப்பானது தானே?" என்று கேட்பீர்கள். ஒரே கரவனை இழுப்பதானால், பாரமான வாகனம் நிலைத்து நிற்கும் என்பது உண்மை. மறுக்கவில்லை. ஆனால் நம்மவர்கள் செய்வது அதுவல்லவே! பெரிய வாகனம் வாங்கியதும், அதற்கேற்ற பெரிய கரவனையும் வாங்குகிறோம். பாதுகாப்புக்கென்று கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிய வித்தியாசத்தை ஆடம்பரத்துக்குத் தின்னக் கொடுக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரனின் கரவனை விட நம்முடையது ஓரடியாவது நீளமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம், கோயில் திருவிழாவில் யார் வீட்டுப் பூமாலை பெரியது என்று பார்த்த அதே எண்ணந்தான்.

ஆகவே மருமகனுக்கு நான் எழுதியது இதுதான். வாகனத்தை முதலில் தேடாதே. யார் யார் வருவார்கள், எங்கே போவீர்கள் என்று முதலில் எழுது. அடுத்துக் கரவனைத் தீர்மானி. விற்பவர் சொல்லும் வெற்று எடையை நம்பாதே. 100 லீற்றர்த் தாங்கிகள் இரண்டை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. சாமான்களை ஏற்றி, பாரமானவற்றை அச்சுக்கு மேலே வைத்து, எடைப்பாலத்தில் நிறுத்துப் பார். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் பிறகு வாகனத்தைத் தேடு. எல்லைகள் அனைத்திலும் தாராளமாக மிச்சம் இருக்கட்டும். நிறைந்த எடை 1,500 கிலோவுக்குள் அடங்கும் கரவன் உங்களுக்குப் போதுமென்றால், 2,000 கிலோ வரை இழுக்க அனுமதியுள்ள டொயோட்டா குளூகர் போன்ற குடும்ப வாகனத்தையும் இதே கணக்கில் வைத்துப் பார். அது சிறியது என்று யாராவது சிரித்தால், சிரித்துவிட்டுப் போகட்டும். கொழுந்து நிறுத்து, கிலோக் கணக்கில் பேர் போட்டு வாழ்ந்த பாட்டியின் பேரன் நீ. நிறுக்காமல் எதையும் வாங்காதே.

இதை எழுதி முடித்தபோது இன்னொன்று மனதை உறுத்தியது. ஓடும் கரவனுக்குள் மனிதர் அமர்ந்து செல்வதை அவுஸ்திரேலியச் சட்டம் அனுமதிப்பதில்லை. எவ்வளவு மெத்தை போட்டிருந்தாலும், அது இழுபடும் பெட்டி. அதில் உயிர்களை ஏற்றக்கூடாது என்பது அங்கே நியாயம். இங்கே மலையகத்தில் உழவு இயந்திரப் பெட்டியிலும் கொழுந்து லொறியிலும் தொழிலாளர் நின்றுகொண்டே போவதை இன்றும் காண்கிறேன். அங்கே வெறுமையாகப் போகவேண்டிய பெட்டியில் இங்கே என் சனங்கள் போகிறார்கள்.

மருமகனுக்குத் தெரிவு செய்ய வாகனங்கள் உண்டு, வாசிக்க விதிகள் உண்டு. அவன் தவறாகத் தெரிவு செய்தால் அது அவன் தவறு. அத்தைக்கு யாரும் தெரிவு தரவில்லை. அந்தப் பெட்டிக்குப் பிரேக் இருந்ததா என்று இனியாவது யாராவது கேட்பார்களா?