கூப்பிடாமல் வந்தவர்களுக்கும் குளத்தில் இடம் வேண்டும்

பல்கலைக்கழக நீச்சல் அணிக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. பள்ளியில் என் இணைப்பாட நடவடிக்கை இந்திய நடனம். தொடக்கப்பள்ளியில், 2010-இல் ஸ்விம்சேஃபர் திட்டம் தொடங்கிய புதிதில், மற்ற பிள்ளைகளோடு நானும் நீந்தக் கற்றேன். அதற்குப் பிறகு பொங்கோலிலிருந்து அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் செங்காங் நீச்சல் வளாகத்துக்குப் போய் நீந்தியதுதான். முதலாண்டில், அணித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்று அறிவிப்பு வந்தது. பெயர் கொடுத்தேன். என்னைவிட வேகமானவர்கள் பலர் இருந்தும், “ஒரு பருவம் பயிற்சிக்கு வா, பிறகு பார்ப்போம்” என்றார் பயிற்றுவிப்பாளர். அந்த வழி எந்தப் பல்கலைக்கழகத்திலும், எந்தப் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் அடைபட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் யார் விளையாட்டு வீரர் என்பது சீக்கிரமே முடிவாகிவிடுகிறது. 2004 முதல் நடப்பில் இருக்கும் நேரடிப் பள்ளிச் சேர்க்கையில், தொடக்கநிலை ஆறில் படிக்கும் பிள்ளை பிஎஸ்எல்இ முடிவு வரும் முன்பே விளையாட்டுத் திறனைக் காட்டி உயர்நிலைப்பள்ளியில் இடம் வாங்கலாம். நல்ல திட்டம்தான். ஆனால் பன்னிரண்டு வயதில் காட்டும் அளவுக்கு வேகம் வர வேண்டுமென்றால், ஏழெட்டு வயதிலேயே கிளப்பில் சேர்ந்திருக்க வேண்டும். விடியுமுன் குளத்துக்குக் கூட்டிப்போக வீட்டில் ஆள் வேண்டும். ஆண்டுக்கணக்கில் கட்டணம் கட்ட வேண்டும். ஷிஃப்ட் வேலை பார்க்கும் பெற்றோரால் இதெல்லாம் முடியுமா? அந்த வயதில் உடம்பும் முழுதாக வளர்ந்திருக்காது.

மெதுவானவர்களைச் சேர்த்தால் மற்றவர்களின் பயிற்சி கெடும் என்பார்கள். குளத்தில் நடப்பது வேறு. வேகத்துக்கு ஏற்பத் தடம் பிரிப்பார்கள். பெரிய கடிகாரத்தின் சிவப்பு முள்ளைப் பார்த்து, ஐந்து விநாடி இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புவோம். பின்னால் வருபவர் நம் பாதத்தைத் தொட்டால், சுவரோரம் ஒதுங்கி வழிவிட வேண்டும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தால் யாரும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

எனக்குத் தெரியாமலிருந்தது ஃபிளிப் டர்ன். சுவருக்குச் சற்று முன்பே தாடையை நெஞ்சில் புதைத்து, தண்ணீரிலேயே குட்டிக்கரணம் போட்டு, இரண்டு பாதங்களையும் சுவரில் ஊன்றி உதைக்க வேண்டும். உருளும்போது மூக்கு வழியே மூச்சை விட்டுக்கொண்டே இருக்காவிட்டால் மண்டைவரை தண்ணீர் ஏறும். தேசியப் போட்டிகளில் நீந்திய சீனியர் அக்கா ஒருவர், பயிற்சி முடிந்து எல்லாரும் குளிக்கப் போன பிறகும் என்னோடு நின்று இதைச் சொல்லிக்கொடுத்தார். பிறருக்குச் சொல்லித்தரும்போதுதான் தன் திருப்பமும் சீரானது என்று பிறகு சொன்னார்.

2016-இல் ரியோவில் ஜோசஃப் ஸ்கூலிங் 100 மீட்டர் பட்டர்ஃபிளையை 50.39 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றபோது, அவர் டெக்சஸ் பல்கலைக்கழக மாணவர். அத்தகைய முன்னணி அமெரிக்கக் கல்லூரிகளில், ஆண்கள் நீச்சல் அணி ஒன்றுக்கு அப்போது 9.9 உதவித்தொகைதான் அனுமதி. அதைப் பலருக்குப் பங்குபோடுவார்கள். ஒரு காசும் வாங்காமல் ‘வாக்-ஆன்’ என்று தாமாக வந்து சேர்ந்தவர்களும் அதே குளத்தில் நீந்தினார்கள். 2025-இல் நீதிமன்றம் ஒப்புதல் தந்த உடன்படிக்கையில் சேர்ந்த கல்லூரிகளில், உதவித்தொகை வரம்புக்குப் பதிலாக அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்துவிட்டது. இப்போது பணம் தாராளம். ஆனால் தாமாக வந்தவர்களில் பலர் அணியைவிட்டுப் போக நேர்ந்தது. அந்த வழியில் நாம் போக வேண்டியதில்லை.

எங்கள் பொங்கோலுக்கே இப்போது பல்கலைக்கழகம் வந்திருக்கிறது. 2024 முதல் சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் இங்கே இயங்குகிறது. அங்கும் மற்ற இடங்களிலும் அணித் தேர்வு நாளைப் புதிய மாணவர் எல்லாருக்கும் தெரிவிக்கட்டும். எதிர்பார்க்கும் நேரம் இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லட்டும். அதை எட்டாதவர் ஒரு பருவம் பயிற்சி எடுத்து மறுபடி நீந்திக் காட்டட்டும். தொடர் நீச்சலுக்கு நால்வரைப் பொறுக்கும்போது கடிகாரத்தை மட்டும் பார்க்கட்டும். அதில் சலுகை வேண்டாம்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். பத்தொன்பது வயது மகள் அணியில் சேரப் போகிறேன் என்றால், படிப்பு கெடும், வெயிலில் கறுத்துப்போவாய் என்று தடுக்காதீர்கள். தேர்வு நாளில் கூடவே போய் நில்லுங்கள்.