மறவாத முப்பது பாசுரங்கள்

திருநீர்மலையில் பெருமாள் நான்கு திருக்கோலங்களில் சேவை சாதிக்கிறார். அடிவாரத்தில் நீர்வண்ணர் நின்ற கோலம். மலைமீது சாந்த நரசிம்மர் இருந்த கோலம், அரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்தவர் நடந்த கோலம். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளிலிருந்து நெடுங்காலமாக வந்து சேவிக்கும் முதியவர்களுக்கு இந்த வரிசையைச் சொல்லித்தர வேண்டியதில்லை, கால்களே வழியறியும்.

அத்தகைய ஒருவர் நீர்வண்ணரைச் சேவித்து வெளியே வந்தவுடன், "இன்னும் பெருமாளைச் சேவிக்கவில்லையே, உள்ளே போகலாம் வா" என்று மனைவியை அழைக்கிறார் என்று கொள்வோம். வயதானால் மறதி இயல்புதான் என்பர் சுற்றத்தார். அவரே மார்கழியில் திருப்பாவை முப்பதையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சேவிக்கும்போது அவர்களுடைய பேச்சு மாறிவிடுகிறது. "இதெல்லாம் நினைவிருக்கிறது; வீட்டில் சொன்னது மட்டும் நினைவில்லையாம்!" மறதிநோய் புகுந்த இல்லங்களில் மனக்கசப்பு தொடங்குவது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தில்தான்.

மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படும் அல்சைமர், பொதுவாகப் புதிய செய்திகளைப் பதிவு செய்யும் மூளைப்பகுதியையே முதலில் தாக்குகிறது. காலையில் உண்ட இட்லி அங்கே பதிவாகவே இல்லை. பேரேட்டில் வரவு வைக்கப்படாத தொகையைக் கணக்கில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இளமையில் பல்லாயிரம் முறை சொல்லிப் பழகிய பாசுரமோ வேறு வழியில் ஆழமாக வேரூன்றியது. நோய் அதனைத் தீண்ட நெடுநாளாகும். ஆகவே இதில் நடிப்புமில்லை, பிடிவாதமுமில்லை. பாசுரம் பிழையின்றி வருகிறது என்பதற்காக நோயில்லை என்று முடிவு செய்வதும் தவறு.

"நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று பிராகாரத்தில் நிறுத்திப் பரீட்சை வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அன்பினால் செய்வதுதான் எனினும் கொடியது. தம் பெயரையும் உறவையும் தாமே முதலில் சொல்லிக்கொண்டு பேசத் தொடங்குவது எத்துணை எளிது! சேவிக்கவில்லை என்றால் "சரி, சேவிப்போம்" என்று மறுமுறை அழைத்துச் செல்லலாம். பெருமாள் கணக்குக் கேட்கப் போவதில்லை. நகையை மருமகள் எடுத்துவிட்டாள் என்று பழி சொல்வதும் இந்நோயின் போக்கே. வாதிடாமல் உடன் சேர்ந்து தேடுவதே பலன் தரும்.

எல்லா மறதியும் இந்நோயன்று. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு ஆகியவையும் இவ்வாறே தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. மரக்கறி உணவே கொள்வோர் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நலம். ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் வந்தால் தாமதியாது மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதியோருக்கெனவே கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டுள்ளது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். மகனுக்கு எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம் கடைசிவரை காக்கும் எனப் பலர் நம்புகின்றனர். எழுதியவர் சித்தத் தெளிவை இழந்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி அந்த அதிகாரம் முடிவுக்கு வந்துவிடும். உயிலும், இருவரில் எவரேனும் இயக்கும் கூட்டுக் கணக்கும் தெளிவு உள்ளபோதே செய்ய வேண்டியவை.

மலையைச் சூழ்ந்த நீர் வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து மங்களாசாசனம் செய்தார் என்பது தல வரலாறு. அந்த நீர் வடிந்தது. அல்சைமர் அவ்வாறு வடிவதில்லை. மருந்து சிலருக்குச் சில காலம் தணிவு தருமேயன்றி நோயை நீக்காது. காத்திருக்கும் மனைவிக்கும் எழுபது வயது கடந்திருக்கும். கணவரைத் தனியே விட்டு வர இயலாமலும், அவரை அழைத்துக்கொண்டு படியேற இயலாமலும், அந்த அம்மையார் மலைமீது சேவித்துப் பல மாதங்கள் ஆகியிருக்கும். சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டுடன் அவரை அடிவாரக் கோயிலுக்கு அழைத்து வரட்டும். பழகிய அன்பர்கள் இருவர் அவரருகே அமர்ந்து திருப்பாவையைத் தொடங்கினால் அவரும் கூடவே சொல்வார். முப்பதும் முடிந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். அதற்குள் அம்மையார் மலையேறி அரங்கநாதரைச் சேவித்து இறங்கிவிடுவார்.