மறுசுழற்சிக் கணக்கில் விடுபட்டவை

ஈய பேட்டரி ஏறத்தாழ முழுவதும் மறுசுழற்சியாகிறது, ஆகவே தீங்கற்றது என்ற வாதம், ஈயத்தை எப்படிப் பிரித்தார்கள் என்பதைக் கேட்பதேயில்லை. செனகலின் டாக்கர் நகரை ஒட்டிய தியாரோய் சுர் மேரில் பழைய பேட்டரிகளைத் திறந்தவெளியில் உடைத்தார்கள். ஈயம் கலந்த மண்ணை வீடுகளுக்கே கொண்டுபோய்ச் சலித்தார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கே 18 குழந்தைகள் இறந்தார்கள்.

பேட்டரியின் கந்தக அமிலம் பட்டால் தோல் எரியும், கை தானாக விலகும். ஈயத்தூசு அப்படி எச்சரிப்பதில்லை. விழுங்கிய ஈயத்தைக் குழந்தையின் குடல் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு உறிஞ்சுகிறது. மூளைக்கு நேர்ந்த சேதத்தை மருந்து மீட்பதில்லை. கையுறை போதும் என்பதும் தவறு: வேலை உடுப்போடு தூசும் வீடு சேரும். மூடிய உலை, புகை வடிகட்டி, பணியிடக் குளியல், இரத்தப் பரிசோதனை இல்லாத பட்டறையின் ஈயத்தை மறுசுழற்சிச் சாதனையாக எண்ணவே கூடாது.