தூக்கி நிறுத்தினால் ஏறிவிடுமா?

மலைத்தடங்களில் ஓட்டுவதற்கென்று சிறிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை வாங்குகிறவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை, "ரெண்டு இன்ச் தூக்கிடுங்க, அப்புறம் எங்க வேணா ஏறும்" என்பதுதான். முன்பு சுசூகியின் ஜிப்ஸிக்குச் சொன்னார்கள். 2023 ஜூனில் அதே நிறுவனத்தின் ஐந்து கதவு ஜிம்னி இந்தியச் சந்தைக்கு வந்தபின் அதற்கும் அப்படியே சொல்கிறார்கள். ஷோரூமிலிருந்து வந்த வண்டி ஆயிரம் கிலோமீட்டர் ஓடும் முன்பே வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் பொருத்தப்பட்டு, அதன் பிறகுதான் அது 'உண்மையான' ஆஃப் ரோடு வண்டி ஆகிறது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. இந்த எண்ணம் தவறு. பணம் வீணாகிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அகலம் குறைந்த, எடை குறைந்த ஒரு வண்டியில், தயாரிப்பாளர்கள் கவனமாகச் சேர்த்து வைத்த திறனையே இந்த வேலை பல நேரங்களில் குலைக்கிறது. மேலும், மலைத்தடத்தில் உயரம் கூடிய வண்டி கவிழும் இடம் பள்ளத்தாக்கின் ஓரமாகவும் இருக்கலாம்.

முதலில் உயரத்தையே எடுத்துக்கொள்வோம். ஜிம்னியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மி.மீ. என்கிறது நிறுவனத்தின் கையேடு. 50 மி.மீ. கிட் போட்டால் அது 260 ஆகிவிடும் என்றுதான் வாங்குகிறவர் நம்புகிறார். ஆகாது. ஜிம்னியில் முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்சில். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழாய் இணைக்கிறது, அதன் நடுவே பந்துபோல் புடைத்திருக்கும் டிஃப்பரன்ஷியல் ஹவுசிங்தான் வண்டியின் மிகத் தாழ்ந்த இடம். லிஃப்ட் கிட் உயர்த்துவது சேஸையும் பாடியையும்தான். ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. அதை எவ்வளவு நீட்டினாலும் ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். தடத்தின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் பாறை கிட் போடுவதற்கு முன் ஹவுசிங்கில் இடித்தது என்றால், போட்ட பின்னும் அதே உயரத்தில் அதே இடத்தில் இடிக்கும். ஆக்சிலை உயர்த்துவதற்கு நடைமுறையில் இருக்கும் ஒரே வழி டயர். கம்பெனி கொடுக்கும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 693 மி.மீ. அதற்குப் பதில் 215/75 ஆர்15 போட்டால் விட்டம் சுமார் 703. அதில் பாதி, அதாவது 5 மி.மீ., ஹவுசிங்குக்குக் கிடைக்கும். 235/75 ஆர்15 போட்டால் 20 மி.மீ. கிடைக்கும். கணக்கு இவ்வளவுதான். பெரிய எண்ணை அட்டையில் அச்சிட்டு விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அப்படியானால் கிட்டினால் பயனே இல்லையா? உண்டு; அதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையல்ல. மேடு ஒன்றைத் தாண்டும்போது முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் இன்னும் ஏறாமல், வண்டியின் நடுவயிறு மேட்டில் உட்காரும் நிலை இருக்கிறதல்லவா, அங்கே சேஸ் உயர்வது உதவும். அப்படி வயிறு தட்டாமல் தாண்டக்கூடிய மேட்டின் அளவைச் சொல்லும் வயிற்றுக்கோணம் ஐந்து கதவு ஜிம்னியில் 24 டிகிரி. சக்கர இடைவெளி 2,590 மி.மீ. என்பதால், 50 மி.மீ. உயர்வு அதற்கு நாலு டிகிரிக்குச் சற்று மேல் கூட்டித்தரும். மூன்று கதவு ஜிம்னியில் அந்தக் கோணம் கம்பெனியிலிருந்தே 28 டிகிரி. காரணம் அதன் சக்கர இடைவெளி 2,250 மி.மீ. மட்டுமே. அதாவது இங்கே இரண்டு அங்குல கிட்டுக்குக் கொடுக்கும் பணம், நீளம் கூடியதால் இழந்ததை ஒரே ஒரு கோணத்தில் திருப்பி வாங்குகிறது. வயிறு அடிக்கடி தட்டுகிற தடங்களில் மட்டுமே ஓட்டுகிறவருக்கு அது மதிப்புள்ளதாக இருக்கலாம். ஆனால் வயிற்றுக்கு அடியில் நல்ல இரும்புத் தகடு பொருத்தினால், தட்டினாலும் வண்டி சறுக்கிக்கொண்டு கடந்துபோகும். அதற்கு ஸ்டீயரிங்கையும் ஸ்பிரிங்கையும் தொடவேண்டியதில்லை.

இதைவிட முக்கியமானது சக்கரம் கீழே இறங்கும் தூரம். கரடுமுரடான நிலத்தில் வண்டியை நகர்த்துவது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் டயர்கள்தான். பள்ளம் வரும் பக்கத்துச் சக்கரம் ஸ்பிரிங்கோடு சேர்ந்து கீழே இறங்கி மண்ணைத் தேடிப் பிடிக்கவேண்டும். ஒரு ஷாக் அப்சார்பரின் மொத்த ஓட்டம் 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்; சமதரையில் நிற்கும்போது மேலே 100, கீழே 100 பங்கு. ஸ்பிரிங்குக்கு மேல் 50 மி.மீ. ஸ்பேசர் வைத்து, பழைய ஷாக்கையே விட்டுவிட்டால், மேலே 150 ஆகும். கீழே 50 மட்டுமே மிஞ்சும். பள்ளத்தில் இறங்கவேண்டிய சக்கரம் பாதி வழியில் ஷாக்கின் நுனியில் தொங்கி நின்றுவிடும். இரு பக்கச் சக்கரங்களையும் சேர்ந்தே சுழலவைக்கும் டிஃப்பரன்ஷியல் லாக் இல்லாத வண்டியில், தரையைத் தொடாத சக்கரத்துக்குத்தான் சுழற்சி எல்லாம் போகிறது. ஜிம்னியில் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து மறுபக்கத்துக்கு இழுவையைத் தள்ளும் வசதி உண்டு. அது மீட்டுக்கொடுக்கும், ஆனால் வேண்டாத இடத்தில் சறுக்கியபின்தான். மலிவு விலை கிட்களில் பெரும்பாலும் இந்த ஸ்பேசர்தான் இருக்கிறது. ஆக, அதிக உயரத்துக்காகக் கொடுத்த பணம் குறைந்த பிடிப்பை வாங்கித் தந்திருக்கிறது. ஸ்பேசருக்குப் பதில் கடினமான ஸ்பிரிங் போட்டவர்களுக்கும் இதே கதிதான்: காலி வண்டியில் அந்த ஸ்பிரிங் அமுங்கவே அமுங்காது, சக்கரங்கள் நிலத்தோடு ஒட்டாமல் குதித்துக்கொண்டு போகும்.

ஸ்டீயரிங்கும் தப்புவதில்லை. ஜிம்னியின் முன் ஆக்சிலைத் தாங்கும் நீளக் கைகள் சேஸோடு இணைந்திருக்கின்றன. சேஸ் மேலே போனால் அந்தக் கைகள் சாய்ந்து, ஆக்சிலையே சற்று முறுக்கிவிடுகின்றன; நேராகப் போகும்போது ஸ்டீயரிங்கைத் தானாக நடுவுக்குக் கொண்டுவரும் காஸ்டர் கோணம் குறைகிறது. அகலவாட்டில் ஆக்சிலைப் பிடித்திருக்கும் லேட்டரல் ராடும் சாய்வதால் ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கிறது. ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கடத்தும் தண்டின் யூ ஜாயின்ட்களில் கோணம் கூடி அதிர்வும் தேய்மானமும் வருகின்றன. பிரேக் ஹோஸ் இழுபடுகிறது. முன்விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது. நல்ல கிட்களில் காஸ்டர் புஷ், நீளம் மாற்றக்கூடிய லேட்டரல் ராடு, நீண்ட பிரேக் ஹோஸ், பம்ப் ஸ்டாப் எல்லாம் சேர்ந்தே வரும் என்று வாதிடுவார்கள். உண்மைதான், நல்ல கிட்களில் வரும். ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளும் கிட் உண்டாக்கிய ஒரு குறையைச் சரிசெய்யத்தான் வருகிறது என்பதை யோசித்துப் பார்க்கவேண்டும்.

கவிழ்தலைப் பற்றிப் பேசாமல் இந்த விவாதம் முழுமையடையாது. வண்டி பக்கவாட்டில் எவ்வளவு சாய்ந்தால் கவிழும் என்பதைச் சக்கரங்களின் அகல இடைவெளியும் எடை மையத்தின் உயரமும் தீர்மானிக்கின்றன. ஜிம்னியின் அகல இடைவெளி சுமார் 1,400 மி.மீ. எடை மையம் 650 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால், காகிதத்தில் கவிழும் கோணம் 47 டிகிரி. பாடி 50 மி.மீ. உயரும்போது எடை மையம் ஏறத்தாழ 40 மி.மீ. உயரும், கோணம் 45 டிகிரிக்கு அருகே வந்துவிடும். இரண்டு டிகிரிக்கும் குறைவுதானே என்று தோன்றலாம். ஆனால் நிஜத்தில் யாரும் 47 டிகிரிச் சரிவில் ஓட்டுவதில்லை. 20 டிகிரிச் சரிவில் மேல்பக்கச் சக்கரம் 200 மி.மீ. கல்லில் ஏறினால் இன்னும் எட்டு டிகிரி கூடுகிறது, கீழ்ப்பக்கச் சக்கரம் ஈரமண்ணில் புதைந்தால் மேலும் கூடுகிறது, பாடி அந்தப் பக்கமாகச் சாய்கிறது, கூரை கேரியரில் கட்டிய மூட்டை அதை இன்னும் இழுக்கிறது. மிச்சமிருக்கும் கொஞ்ச இடைவெளியிலிருந்துதான் அந்த இரண்டு டிகிரி கழிகிறது. குறுகலான வண்டிக்கு இந்த இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஜிப்ஸியின் நெருங்கிய உறவான சுசூகி சமுராயை, திடீரென்று திருப்பும் சோதனையில் கவிழக்கூடியது என்று 1988-ல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் ஏற்கத்தகாதது எனத் தள்ளியது. சுசூகி 1996-ல் வழக்குத் தொடுத்தது, 2004-ல் சமரசம் ஆனது. சோதனை நடத்திய விதம் நியாயமா என்ற கேள்வி ஒருபுறம் இருக்கட்டும். கம்பெனி உயரத்திலேயே இத்தனை விவாதத்துக்கு ஆளான ஒரு வடிவத்தை நாமாக மேலும் உயர்த்துவதற்கு வலுவான காரணம் வேண்டாமா? ஜிம்னியின் சறுக்கல் தடுப்பு மென்பொருளும் கம்பெனி உயரத்துக்காக அமைக்கப்பட்டதே.

ஆஸ்திரேலியாவில் எல்லோரும் செய்கிறார்களே என்பது அடுத்த ஆட்சேபம். அங்கே வண்டியில் முன்னால் இரும்பு புல் பார், வின்ச், பின்னால் இழுப்பறைகள், தண்ணீர்த் தொட்டி, கூரையில் கூடாரம் என்று பல நூறு கிலோ நிரந்தரமாக ஏறுகிறது. வண்டி அமுங்குகிறது, அந்த எடையைத் தாங்கி மறுபடி பழைய உயரத்துக்குக் கொண்டுவரத்தான் கடினமான ஸ்பிரிங். எத்தனை கிலோ சுமைக்கு எந்த ஸ்பிரிங் என்று பிரித்துத்தான் அங்கே விற்கிறார்கள். அதே ஸ்பிரிங்கை, இரண்டு பேரும் ஒரு பையும் மட்டும் போகும் 1,200 கிலோ வண்டியில் போடுவது மருந்துச்சீட்டைப் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்குவது போல. பெரிய டயருக்கு இடம் வேண்டுமே என்பார்கள். 215/75 ஆர்15 உயர்த்தாமலே ஜிம்னியில் உட்காரும். அதற்கு மேலே போனால் 105 குதிரைசக்தி எஞ்சினுக்குப் பாரம் கூடுகிறது, ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டுகிறது. சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தயாரிப்பாளரின் மூல அமைப்புக்கு மாறான மாற்றங்கள் கூடாது என்று தீர்ப்பளித்தது. தோற்றத்துக்காகத் தூக்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது அவர் விருப்பம். அதை மலை ஏறும் திறன் என்று அடுத்தவருக்குச் சொல்லி விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாறைத்தடத்தில் பட்டை ஸ்பிரிங் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்காக ஓடுகின்றன. லோ கியரும், எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைப்பது என்று தெரிந்த ஓட்டுநரும்தான் அதற்குக் காரணம். டயரில் உள்ள காற்றைப் பற்றியும் நம்மில் பலர் யோசிப்பதே இல்லை. டயரில் 18 பவுண்டு அளவுக்குக் காற்றை இறக்கினால் அது நீளவாட்டில் விரிந்து, கல்லைச் சுற்றி வளைந்து, மணலில் புதையாமல் மிதக்கும். எந்தக் கிட்டும் அவ்வளவு பிடிப்பைக் கொடுக்காது, செலவு ஒரு காற்றழுத்த மானியும் சிறு கம்ப்ரசரும் மட்டுமே. தார்ச்சாலைக்குத் திரும்பும் முன் காற்றை மறுபடி நிரப்பிவிட வேண்டும். நல்ல ஆல் டெரெய்ன் டயர், காற்று, அடித்தகடு, முன்னும் பின்னும் இழுப்புக் கொக்கி, பிறகு தேவைப்பட்டால் டிஃப்பரன்ஷியல் லாக்: பணத்தை இந்த வரிசையில் செலவிட்டால் கிட்டைப் பற்றி யோசிக்கும் நேரம் பலருக்கு வராமலே போகலாம்.

அந்த நேரம் வந்தால், கிட் போடும் வண்டி நிரந்தரச் சுமை ஏறியதாக இருக்கவேண்டும். வழக்கமாக எடுத்துப்போகும் பொருட்களையெல்லாம் ஏற்றி, டேங்க் நிரப்பி, எடைமேடையில் முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியாக எடை போடுங்கள். அந்த இரண்டு எண்களுக்குப் பொருந்தும் ஸ்பிரிங்கும், அந்த ஸ்பிரிங்குக்கென்றே நீளம் அளந்து செய்த ஷாக்கும் சேர்ந்தே வாங்கவேண்டும். உயர்வு 40 மி.மீ.க்குள் இருந்தால் திருத்தவேண்டிய கோணங்களும் குறைவு. பொருத்திய பின் ஒரு சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடவில்லையா என்று பார்த்துவிட்டுத்தான் வீல் அலைன்மென்டுக்குப் போகவேண்டும். அந்த இரண்டு எடைச்சீட்டுகளையும் கேட்காமல் ஸ்பிரிங்கை எடுத்து நீட்டும் கடையில் எதையும் வாங்காதீர்கள்.