செருப்பு போட்டுக்கிட்டுத்தான் ஓவனைத் தொடணுமா?

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு விதி இருக்கும். "ஈரக் கையோட கிரைண்டரைத் தொடாதே." "அந்த சுவிட்சை மட்டும் குச்சியால தட்டு." எங்க வீட்டு விதி, "ஓவன் கதவைத் திறக்கறதுன்னா செருப்பு போட்டுக்கோ."

நான் மூன்றாம் ஆண்டு ட்ரிபிள் ஈ. அந்த விதி எங்க வீட்டில் எட்டு மாசம் அமலில் இருந்தது. லீவுக்குப் போனப்ப நானும் மறுபேச்சு பேசாம செருப்பு போட்டுக்கிட்டுத்தான் பிஸ்கட் எடுத்தேன். ஏன் ஷாக் அடிக்குதுன்னு ஒரு தடவை கூடக் கேட்கல. சொல்ல வெட்கமாத்தான் இருக்கு. ஆனா இது என் ஒருத்தன் கதை இல்லைங்கறதால எழுதறேன்.

வீட்டுச் சாதனத்தை ரிப்பேர் பண்ணத் தெரியாததை நான் பெரிய குத்தமா நினைக்கல. அதுக்கு ஆள் இருக்காங்க. பழுதோட பழகிக்கிறோமே, அதுதான் குத்தம். செருப்பு போட்டு, குச்சி வெச்சு, பிளக்கை ஒரு பக்கமா சாய்ச்சு வெச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கிறோம். இன்ஜினியரிங் படிக்கிறவங்க இருக்கற வீட்டிலயாவது இது நடக்கக் கூடாது.

எங்க கதையைச் சொல்றேன். 1500 வாட் ஓ.டி.ஜி. ஓவன். அம்மா அதுலதான் பக்கத்து வீடுகளுக்குக் கேக் செஞ்சு கொடுக்கறாங்க. ஒருநாள் கேக் மேலே சிவந்திருக்கு, அடியில மாவு மாவா இருக்கு. பார்க்க வந்தவர் திறந்து கூடப் பார்க்காம, "பழசாயிடுச்சும்மா, புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். அம்மா எனக்கு போன் பண்ணி, "நீ இதைத்தானேடா படிக்கற?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு வைவாவுல கூட இவ்வளவு நேரம் முழிச்சதில்லை.

ஊருக்குப் போய் பிளக்கைக் கழட்டி, முழுசா ஆற விட்டு, பின்தகட்டைத் திறந்து மல்டிமீட்டரை வெச்சேன். எங்க ஓவனில் மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு. மேல் ஜோடி தொடர் இணைப்பு, கீழ் ஜோடியும் அப்படியே. ஒரு ஜோடிக்கு 750 வாட். 230-ஐ 230-ஆல் பெருக்கி 750-ஆல் வகுத்தா சுமார் 70 ஓம் வரணும். மேல் ஜோடி 68 காட்டியது, சரி. கீழ் ஜோடியில் மீட்டர் ஒண்ணுமே காட்டல. தனித்தனியா அளந்தா ஒரு கம்பி 34, இன்னொண்ணு அறுந்திருக்கு. தொடர் இணைப்பில் ஒண்ணு போனா இரண்டும் போச்சு. முதல் வருஷப் பாடம்தான். மொத்தமே பத்து நிமிஷ வேலை.

அதோட நிறுத்தியிருந்தா புதுக் கம்பி போட்டுட்டு, பழையபடி செருப்பையும் போட்டுக்கிட்டு இருந்திருப்போம். அறுந்த கம்பியைக் கையில எடுத்துப் பார்த்தப்பதான் மேல் உறையில் ஒரு மெல்லிய வெடிப்பு தெரிஞ்சது. சூடா இருக்கும்போதே ஈரத்துணியால துடைச்சிருக்காங்க. இந்தக் கம்பிக்குள்ள நிக்ரோம் சுருள் இருக்கும். சுருளுக்கும் உலோக உறைக்கும் நடுவுல மெக்னீசியம் ஆக்சைடு பவுடரை அடைச்சிருப்பாங்க. அது மின்சாரத்தைக் கடத்தாது, வெப்பத்தை நல்லாக் கடத்தும். ஆனா ஈரத்தை இழுக்கும். வெடிப்பு வழியா ஈரம் போனா, சுருளில் இருக்கும் மின்சாரம் உறைக்குக் கசியும். உறையிலிருந்து ஓவன் உடம்புக்கு வரும்.

கம்பியைக் கல்லூரிக்கு எடுத்துட்டு வந்தேன். லேப் அண்ணா மெகர் வெச்சுப் பார்த்தார். மெகாஓம் கணக்கில் இருக்க வேண்டிய காப்பு, வெறும் 40 கிலோஓம். 230 வோல்ட்டுக்கு அது ஐந்தே முக்கால் மில்லிஆம்பியர் வரைக்கும் விடும். சுருக்குன்னு அடிச்சது அதுதான். சுமார் 10 மில்லிஆம்பியரை நெருங்கினா கைத்தசை இறுகி, பிடிச்ச பிடியை விட முடியாமல் போகலாம். அடுத்த மழைக்காலத்தில் அந்த 40 கிலோஓம் 20 ஆகாதுன்னு யார் உத்தரவாதம் கொடுக்க முடியும்? அதுவரைக்கும் அம்மாவைக் காப்பாத்தினது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. உடம்புக்குக் கசிஞ்ச மின்சாரம் எர்த் வழியாத்தானே போயிருக்கணும்? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயினை அணைச்சு, சமையலறை சுவிட்ச் போர்டைத் திறக்கச் சொன்னேன். சாக்கெட்டில் எர்த் ஓட்டை இருந்தது, பின்னால் வயர் இல்லை. வீடு கட்டினதிலிருந்தே இல்லை. மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் ஏன் நீளமா, தடிமனா இருக்கு? செருகும்போது முதலில் தொடணும், உருவும்போது கடைசியா விலகணும், வேற ஓட்டைக்குள்ள நுழையவே கூடாது. யாரோ இவ்வளவு யோசிச்சு வடிவமைச்ச ஒரு முள், எங்க வீட்டில் வெறும் காத்துல நின்னுக்கிட்டு இருந்தது.

இப்போ உங்க வீட்டுக்கு வருவோம். ஓவன் வேலை செய்யலைன்னா அதைத் திறக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. முதலில் டைமர். பல ஓ.டி.ஜி.களில் டைமரைத் திருப்பாம கரண்டே போகாது. "செத்துப் போன" ஓவன்களில் சில இந்த வகைதான். இரண்டாவது, அதே பாயிண்டில் வேற சாதனம் ஓடுதா? மூன்றாவது, கொஞ்ச நேரம் ஓடினதும் அணைச்சுட்டுப் பிளக்கைத் தொட்டுப் பாருங்க. கொதிக்குதா?

கொதிச்சா அலட்சியம் வேண்டாம். 1500 வாட் ஓவன் 6.5 ஆம்பியர் இழுக்கும். லூஸ் கான்டாக்டில் அரை ஓம் தடை இருந்தாப் போதும், பிளக்குக்குள்ள 21 வாட் வெப்பம் உருவாகும். நம்ம லேப் சோல்டரிங் அயர்ன் 25 வாட்! அது பிளாஸ்டிக்குக்குள்ள ஒரு மணி நேரம் இருந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. 16 ஆம்பியர் பிளக்கை கன்வர்ட்டர் போட்டு 6 ஆம்பியர் பாயிண்டில், அதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டறதை தயவு செஞ்சு நிறுத்துங்க.

பராமரிப்பு ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. ஆறின பிறகு துடைங்க, கம்பி மேல தண்ணி தெளிக்காதீங்க. அடித்தட்டில் விழும் தூளை அப்பப்போ கொட்டுங்க. கீழ்க் கம்பியை அலுமினியத் தாளால மூடாதீங்க, வெப்பம் அங்கேயே தேங்கிடும். கேக் அடிக்கடி கருகினா செய்முறையைத் திட்டறதுக்கு முன்னாடி ஒரு ஓவன் தெர்மாமீட்டரை உள்ள வெச்சுப் பாருங்க. குமிழில் 180 போட்டிருக்குங்கறதுக்காக உள்ளேயும் 180 இருக்கணும்னு இல்லை.

"எல்லாத்தையும் கழட்டுன்னு சொல்றியா?"ன்னு கேட்பீங்க. இல்லவே இல்லை. மைக்ரோவேவ் ஓவனைத் திறக்கவே திறக்காதீங்க. அதோட கெப்பாசிட்டர் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேலை செய்யறது. பிளக்கை உருவின பிறகும் சார்ஜ் நிற்கலாம். ஓடிக்கிட்டிருக்கும் லைனில் அனுபவம் இல்லாம மீட்டரை வைக்காதீங்க. எங்க நிறுத்தணும்னு தெரியறதும் படிப்புதான். நானும் சுவிட்ச் போர்டுக்கு எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டேன். என்ன பார்க்கச் சொல்லணும்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சிருந்தது.

"நான் ஐ.டி.க்குப் போறவன், எனக்கு எதுக்கு இது?" இதையும் கேட்டிருக்கேன். அறிகுறியைப் பார்த்து, காரணத்தை ஊகிச்சு, அளந்து, ஊகம் தப்புன்னா மாத்திக்கிறது எந்தத் துறைக்கும் பொது. கோடிங்கில் பிழை வந்தா வேர் வரைக்கும் தோண்டறோம். வீட்டில் அம்மாவுக்கு ஷாக் அடிச்சா செருப்பு போடச் சொல்றோம். எது அவசரம்?

அடுத்த லீவுக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "எதையாவது தொட்டா சுருக்குன்னு அடிக்குதா?" பெரும்பாலும் பதில், "ஆமா, ஆனா லேசாத்தான்"னு வரும். அந்த "லேசாத்தான்"-ஐ நம்பிட்டு விட்டுடாதீங்க.

எங்க ஓவனுக்கு ஒரு ஜோடி புதுக் கம்பி, சாக்கெட்டுக்கு எர்த் வயர், மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. எல்லாம் போட்டாச்சு. கேக் அடியிலயும் நல்லா வேகுது. அம்மா மட்டும் இன்னும் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் கதவைத் திறக்கறாங்க. எட்டு மாசப் பழக்கம், போக நாளாகும்.