வீட்டுப் பிராணிகளும் சிறுநீரகம் மாற்றியவரும்



சிறுநீரகம் மாற்றிய கணவரையோ பிள்ளையையோ வீட்டில் பராமரிக்கும் பெண்களுக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. "கோழி, ஆடு, பூனை எல்லாவற்றையும் விற்றுவிட வேண்டுமா?" கோழியும் ஆடும்தான் வருமானம் என்றிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய கேள்வி அல்ல.

பிறருடைய உறுப்பை உடல் அந்நியமாகக் கருதி அழிக்க முற்படும். அதைத் தடுக்கவே நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் குளிசைகள் கொடுக்கப்படுகின்றன. மாற்றிய உறுப்பு இயங்கும் காலம் முழுவதும் இவற்றை எடுக்க வேண்டும். ஆகவே, மற்றவருக்குச் சாதாரண காய்ச்சலோடு மாறிவிடும் கிருமி இவர்களின் உயிரையே பறிக்கலாம்.

2005ஆம் ஆண்டு அமெரிக்காவில், பாரிசவாதத்தால் இறந்த ஒருவரின் ஈரல், நுரையீரல், இரு சிறுநீரகங்கள் என்பன நால்வருக்குப் பொருத்தப்பட்டன. மூன்று வாரங்களுக்குள் நால்வரும் நோயுற்றனர், மூவர் இறந்தனர். எல்.சி.எம். என்னும் வைரஸே காரணம். உறுப்பு வழங்கியவரின் வீட்டில் வளர்ந்த ஹம்ஸ்டர் என்ற சிறு பிராணியில் அதே வைரஸ் இருந்தது. வைத்தியர்கள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தைக் குறைத்து, வைரஸுக்கு எதிரான மருந்தையும் கொடுத்ததில் ஒருவர் மட்டும் பிழைத்தார். அந்த முடிவை வைத்தியர் மட்டுமே எடுக்கலாம். பயத்தில் நாமாகக் குளிசையை நிறுத்தினால் மாற்றிய உறுப்பே பழுதாகிவிடும்.

இந்த வைரஸை இயற்கையாகச் சுமப்பது சுண்டெலி. அதன் சிறுநீர், எச்சம், எச்சில் வழியாக இது பரவுகிறது. கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றிலுள்ள குழந்தையின் மூளையும் பார்வையும் பாதிக்கப்படலாம்.

எனவே பிராணிகளை விற்கத் தேவையில்லை, வேலையைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

• கோழிக்கூடு, ஆட்டுக்கொட்டில் துப்புரவை நோயாளி செய்ய வேண்டாம்.

• எலி எச்சத்தை உலர்ந்தபடி கூட்ட வேண்டாம். கையுறை அணிந்து, குளோரின் கலந்த தண்ணீரால் நனைத்து, சற்றுப் பொறுத்துத் துடையுங்கள். நோயாளியும் கர்ப்பிணியும் இதைச் செய்யக்கூடாது.

• அரிசி, மா, தவிடு என்பவற்றை மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள்.

• பிராணியைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள்.

• இறைச்சி, ஈரல், முட்டை என்பவற்றை நன்றாக வேகவைத்தே கொடுங்கள்.

• நாய், பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசம். சிறுநீரகம் மாற்றியவர் என்பதை அங்கே கட்டாயம் சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் என்னென்ன பிராணிகள் உள்ளன, எலித்தொல்லை உண்டா என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே கூறுங்கள். நோயாளியுடன் நாள் முழுதும் இருக்கும் உங்களுக்குத் தெரிந்தது, சில நிமிடம் பார்க்கும் வைத்தியருக்குத் தெரியாது. அதைச் சொல்லத் தயங்காதீர்கள்.